நாற்பத்தொரு தாளும் ஒரு தாளும்

பை நிறையப் படிவங்களோடு முதல் தடவையாக வெளியூர் கிளம்பப் போகிறீர்கள். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. ஆனால் தாளை நீட்டியதும் எதிரே நிற்கிற தொழிலாளியின் முகம் சுருங்கும் பாருங்கள், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். முட்டியது நான், அடிபட இருந்தது இன்னொருவர்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. மண்டைக்கனம் அதைவிட அதிகம். அரசாங்கத் தொழிலாளர்கள் என்ன நிலைமையில் வேலை செய்கிறார்கள், என்ன ஆபத்து, என்ன குறை என்று அவர்களையே கேட்டு எழுதிவர எங்கள் அலுவலகம் ஆட்களை அனுப்பியது. என் பங்குக்கு விழுந்தது பாம்பனை ஒட்டிக் கடற்கரையில் இருந்த ஒரு படகுப் பட்டறை. எந்த இலாகாவின் பட்டறை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இலாகாவின் மோட்டார் படகுகளைக் கரையேற்றி, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற சிப்பியையும் பாசியையும் சுரண்டி, தார் மாதிரிக் கீலைக் காய்ச்சிப் பூசி, மறுபடி கடலில் இறக்குகிற இடம். தச்சர், கொல்லர், பாரம் இழுக்கிற கலாசி என்று நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேரும் ஒரே சங்கம். நானோ தற்காலிக ஊழியன். இதை ஒழுங்காக முடித்து வந்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் தப்பை ஸ்டேஷனிலேயே செய்தேன். பட்டறை எஞ்சினியர் ஜீப் அனுப்பியிருந்தார், ஏறி உட்கார்ந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடும் அவருடைய பங்களாவில்தான். சீலா மீன் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே அவருக்குப் பக்கத்தில் பட்டறைக்குள் நடந்து போனேன். கொட்டகையில் எல்லாரையும் நிறுத்தி வைத்து எஞ்சினியரே என்னை அறிமுகம் செய்தார். யாரும் பயப்பட வேண்டாம், உள்ளதை எழுதுங்கள் என்றார். அதுவரை பயப்படாதவர்களுக்கும் அப்போது பயம் வந்திருக்கும். எனக்கு எங்கே உறைத்தது? பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது என்று நானும் என் பங்குக்கு முழங்கினேன்.

சங்கச் செயலாளர் சீனி முகம்மது, அந்தப் பட்டறையின் தலைமைத் தச்சர். ஐம்பது வயது இருக்கும். காதில் செருகிய பென்சிலை எடுக்காமலேயே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். படிவக் கட்டை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் தந்துவிடுகிறோம் என்றார். சொன்னபடி தந்தார். நாற்பத்திரண்டும் வந்துவிட்டன. ஒன்றுகூடக் குறையவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு நான் தங்கியிருந்த சத்திரத்துத் திண்டில் சாய்ந்து பிரித்தேன்.

நாற்பத்திரண்டும் ஒரே மாதிரி. குழந்தைகள்: மூன்று. உடல்நலம்: நலம். வேலையிடத்தில் ஆபத்து: இல்லை. குறை: குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும். பட்டறையில் கல்யாணமே ஆகாதவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் மூன்று குழந்தைகள். எழுத்துத் தெரிந்த இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருந்தார்கள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மேலதிகாரியின் முகம் நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில் சீனி முகம்மதிடம் போய் இது என்ன கூத்து என்று கேட்டேன். அவர் இழைப்புளியை நிறுத்தாமலே பதில் சொன்னார். இரண்டு வருஷம் முன்னால் சங்கம் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரைப் பத்தே நாளில் தொண்டிக்குத் தூக்கி அடித்தார்களாம். அவர் பெண்சாதி அப்போது நிறைமாதமாம்.

"ஒருத்தன் மாத்தி எழுதுனா அவன் தலை மட்டும் தனியாத் தெரியும் சார். எல்லாம் ஒண்ணு போல இருந்தா, எது எவன் தலைன்னு யாரு கண்டா?"

இதைவிடத் தெளிவாக என் வேலையின் அடிப்படையை எனக்கு எவரும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. சங்கம் என்றால் இப்படித்தான், ஆட்களை வாய் திறக்க விடாது என்று முடிவு கட்டினேன். சங்கத்தைத் தாண்டி ஆளுக்கு ஆள் போய்ப் பிடித்தால் உண்மை வரும் என்று ஒரு யோசனை. பெரிய கெட்டிக்காரன்!

வேலை விட்டதும் வீடு வீடாகப் போனேன். நாலு வீட்டில் "அவுக இல்லை" என்று பெண்கள் கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது கருப்பையாவின் வீடு. பாம்பன் ரயில் பாதை ஓரத்தில் ஓலைக் குடிசை. கருப்பையா நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். மழை பொய்த்து இந்தப் பக்கம் வந்து பட்டறையில் வின்ச் சுற்றுகிற கலாசியாக ஆனவர். வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பேர் இல்லாத தாள்தான், பயப்படாதீர்கள் என்று நான் ஆரம்பித்ததும், அவர் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் சொன்னது இதுதான்: படகைக் கரையேற்றுவது கையால் சுற்றும் வின்ச். கம்பி பின்னால் ஓடாமல் இருக்க அதன் பல்சக்கரத்தில் ஒரு இரும்பு நாக்கு விழுந்து பிடிக்கும். அந்த நாக்கு தேய்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மர ஆப்பை முட்டுக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி ஏறிய படகுக்குக் கீழே ஆட்கள் மல்லாந்து படுத்துச் சுரண்டுவார்கள். ஆப்பு நழுவினால் படகு அவர்கள் மேல்தான். ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். வின்ச் "நல்ல நிலை" என்று அதைச் சுற்றுகிறவர்கள் வாராவாரம் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கருப்பையாவுக்கு முன்னால் இருந்தவர் துணிந்து சொல்லியிருக்கிறார். அப்படியானால் போன வாரம் வரைக்கும் பொய்க் கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டு அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்களாம். அதன்பிறகு யார் சொல்வார்கள்?

"கீழ படுத்துச் சுரண்டுறது இவ கூடப் பெறந்தவன் சார். கைப்பிடியப் பிடிச்சா அவன் மூச்சுதான் என் காதுல கேக்குது. வேல போனாலும் எங்க ஊருல வெளைய ஒண்ணுமில்ல. நான் என்ன செய்ய?"

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பிறந்த ஊர், எத்தனை மாதப் பணி, குழந்தை ஒன்று, எல்லாம் நிஜம். குடிசையை விட்டு வெளியே வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நிஜத் தாள் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம். சத்திரத்துக்கு வந்து பழைய கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தேன்.

மறுநாள் காலை எஞ்சினியர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனநிலையில் இருந்தார். காப்பி கொடுத்தார். என் பட்டறையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் பார்க்கலாமே என்றார். பெயர்தான் இல்லையே, பார்த்தால் என்ன என்று நினைத்துப் பைக்குள் கையை விட்டேன். கட்டு விரலில் பட்ட பிறகுதான் புத்தி வந்தது. நாற்பத்தொரு தாள் ஒரே மாதிரி. ஒன்று மட்டும் வேறு. அதில் வின்ச் சுற்றுகிறவன் என்று இருக்கிறது, நயினார்கோவில் பக்கம் என்று இருக்கிறது. பெயர் எதற்கு? நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி அவரை எடுத்துக் காட்டியிருந்தேன். செய்தது சங்கமில்லை, எஞ்சினியரில்லை, நான்.

இன்னும் சரிபார்க்கவில்லை என்று என்னத்தையோ உளறினேன். நாளை மாலைக்குள் பார்த்தாக வேண்டும் என்றார் அவர். உங்கள் மேலதிகாரியிடமே பேசிவிடுகிறேன் என்று டிரங்க் கால் போடச் சொன்னார். மத்தியானத்துக்குள் எனக்குத் தந்தி வந்துவிட்டது: எஞ்சினியருக்கு ஒத்துழைக்கவும். அதை நாலு தடவை படித்தேன். எத்தனை தடவை படித்தாலும் அதேதான்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. கிழித்தால் கருப்பையா தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடியும் வரும். இதுதான் புத்திசாலித்தனம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தேன். பட்டறையில் படகு ஒன்றைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியில் கருப்பையா. பாதி ஏறியதும் மூன்று பேர் கீழே புகுந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஆறு பாதங்கள்தான். கருப்பையா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை. ஒவ்வொரு தரம் பல்சக்கரம் கிறீச்சிடும்போதும் அந்த ஆறு பாதங்களையும் எண்ணினேன். கிழிக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது என்று அப்போது தெரிந்துபோயிற்று.

நேராகத் தச்சுக் கொட்டகைக்குப் போனேன். சீனி முகம்மதிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு வீடாகப் போனதை, ஒருவர் சொன்னதை நான் எழுதிக்கொண்டதை, எஞ்சினியர் கேட்பதை, தந்தியை. யார் என்று சொல்ல வாயெடுத்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"பேரச் சொல்லாதீக. எனக்குத் தெரியக் கூடாது."

அப்புறம் திட்டினார். சத்தம் போடாமல் திட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை. கிடையில் கிடந்த ஆட்டில் ஒன்றைப் பிரித்து வெளியே நிறுத்திவிட்டு, நரி வந்தால் என்ன செய்வது என்று என்னிடம் வந்து கேட்கிறீர்களா என்றார். உங்களுக்கு ஒரு மாத வேலை, எங்களுக்கு இதுதான் பிழைப்பு என்றார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அந்த ஆள் என்னதான் சொல்லியிருக்கான் என்று கேட்டார். வின்ச் நாக்கு என்றேன்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார்.

"அந்த ஆப்பைச் செதுக்கிக் குடுத்தவன் நாந்தான் சார். மாசம் ஒண்ணு செதுக்குறேன். ஒவ்வொண்ணுக்கும் பிஸ்மி சொல்லித்தான் உளி வைக்கிறேன். பேசாம இருந்தா எல்லாரையும் காப்பாத்துறோம்னு நெனச்சேன்."

எத்தனை வெற்றுப் படிவம் பாக்கி இருக்கிறது என்று கேட்டார். பதினைந்து இருந்தது. அது வேண்டாம், பாதிப் பேர் அச்சுத் தாளிலும் பாதிப் பேர் வெறுந்தாளிலும் எழுதினால் அதிலேயும் ஆள் தெரியும் என்றார். ஸ்டோரிலிருந்து ஒரே மாதிரி நாற்பத்திரண்டு வெள்ளைத் தாள் வந்தது. பழைய கட்டைக் கேட்டார். அரசாங்கத் தாளை அழிப்பது குற்றம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கீல் காய்ச்சுகிற அடுப்பில் நானே என் கையால் போட்டேன். நாற்பத்தொன்றும் போயிற்று, அந்த ஒன்றும் போயிற்று. ஒரு தாளும் இல்லாமல் வெறும் பையோடு நான் நின்றேன். நாளைக்குள் இவர்கள் மனம் மாறிவிட்டால் என் கதி என்ன?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்னை உள்ளே விடவில்லை. எஞ்சினியர் பங்களாப் பக்கமிருந்து ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தம் ஏறி இறங்கியது. போட்ட பொய்க் கையெழுத்தை நம்ம வாயாலேயே ஒப்புக்கொள்வதா என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் அந்த வெளியூர்க்காரனை நம்பியா என்றார், அது நான்தான். அப்புறம் சீனி முகம்மதின் குரல். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆப்பைப் பற்றித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

பிற்பாடுதான் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தது. யாரும் தன் தாளைத் தான் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் எவரிடம் பிடிக்கிறதோ அவர் காதில் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவர்கள் தங்களுக்குள் மாற்றி எழுதிக்கொண்டார்கள். ஊர், வயது, எத்தனை வருஷப் பணி, எதுவும் வேண்டாம் என்று சங்கமே தீர்மானித்துவிட்டது. வின்ச்சைப் பற்றி மட்டும் எல்லாரும் எழுத வேண்டும். மற்றபடி அவரவர் இஷ்டம். எல்லாவற்றையும் ஒரு மீன் கூடையில் போட்டுக் குலுக்கி, அந்தக் கூடையோடு என்னிடம் கொண்டுவந்து வைத்தார்கள். தாளெல்லாம் கவிச்சி அடித்தது.

மாலையில் எஞ்சினியர் அதை மேஜைமேல் விரித்தார். ஏன் வெறுந்தாள் என்று கேட்டார். அச்சுப் படிவம் வீணாகிவிட்டது சார் என்றேன், பொய்யில்லை. முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். அப்புறம் மளமளவென்று புரட்ட ஆரம்பித்தார். அவர் தேடுவது எனக்குத் தெரிந்தது: வின்ச் பற்றி எழுதாத தாள் இருக்கிறதா, அல்லது மற்றவற்றைவிட அதிகமாக எழுதிய தாள் இருக்கிறதா என்று தேடினார். கடைசித் தாள் வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"இதை ஆரம்பிச்சது யார்?" என்று கேட்டார்.

"நாற்பத்திரண்டு பேரும்தான் சார்" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது.

அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். வியர்வைதான் தெரிந்தது. பிற்பாடுதான் தெரிந்தது, வின்ச் பழுது பார்க்கப்பட்டது என்று மேலிடத்துக்குச் சான்று எழுதிக் கொடுத்தவர் அவர். அவருக்கும் ஒரு நோட்டு, அவருக்கும் ஒரு கையெழுத்து. நாற்பத்திரண்டு பேரையும் தொண்டிக்கு அனுப்பிவிட்டு எவனை வைத்துப் படகைக் கரையேற்றுவது? தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். மறுநாள் காலையில் வின்ச்சுக்குப் பூட்டுப் போட்டார்கள். புது நாக்கு வந்து மாட்டுகிற வரைக்கும் படகுகள் தண்ணீரிலேயே கிடந்தன. எனக்கு அலுவலகத்தில் வெறுந்தாளுக்காக ஒரு மெமோ கிடைத்தது. நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. ஆனாலும் மற்றக் கேள்விகளுக்கு அந்தத் தாள்களில் இருந்த பதில்கள், நான் அதுவரை எந்த ஊரிலும் வாங்கியவற்றைவிட உண்மையானவை என்று அதே மேலதிகாரிதான் சொன்னார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் போடாத தாள் என்று சொல்லி ஒருவனைத் தனியாகப் பேச வைத்துவிடாதீர்கள். சங்கம் குறுக்கே நிற்கிறது என்று உங்களுக்கு எரிச்சல் வரும், வரட்டும். முதலில் அங்கே போய் உட்காருங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஜீப் வந்தால் ஏறாதீர்கள், நடந்து போங்கள். தனி ஆளைத் தைரியசாலி ஆக்கிவிட்டு வருவது சுலபம். மறுநாள் நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள், அவன் அங்கேயேதான் இருப்பான்.

நான் ரயில் ஏற நின்ற அன்றைக்குப் பாம்பன் ஸ்டேஷனுக்குக் கருப்பையா வந்தார். பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேர் பிளாட்பாரத்தில் நின்றார்கள். எஞ்சினியர் ஆபீஸ் பியூனும் பார்சல் எடுக்க வந்து நின்றான். கருப்பையா சற்றுத் தள்ளித் தூணோரம் நின்று கேட்டார்.

"சார், அந்தக் கட்டுல என் தாள் எது?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பையைத் திறந்து பெஞ்சில் தாள்களைப் பரப்பினேன். அவர் சொன்னது எனக்குக் காதில் இருக்கிறதே, சொல்லைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கீழே கிடப்பவன் மூச்சு என் காதில் கேட்கிறது என்று தேடினேன். ஒரு தாளில், கீழே கிடப்பது என் தம்பி என்று இருந்தது. இன்னொன்றில் என் மகன் என்று இருந்தது. அடுத்ததில் என் சாச்சா, அடுத்ததில் என் மச்சினன், அதற்கடுத்ததிலும் மச்சினன். பத்துப் பன்னிரண்டு தாளில் யாராவது ஒரு சொந்தக்காரன் அந்தப் படகுக்குக் கீழே கிடந்தான். இரண்டு தடவை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன்.

"தெரியலை கருப்பையா" என்றேன்.

"நெசமாத் தெரியலையா?"

"நெசமாவே தெரியலை."

அவர் தாள்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தூணோரத்தை விட்டு வந்து, துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி வருகிற வரைக்கும், எல்லாரும் பார்க்க, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.